‘பாட்டை’ என்ற சொல்லுக்கு விடை எத்தனை? நிரலாக்க நோக்குமுறைகளைக் கற்பிப்பது குறித்துச் சில கருத்துகள்

“நிரலாக்க நோக்குமுறைகள் எத்தனை வகைப்படும்? அவை யாவை?” என்னும் வினாவை நம் தேர்வுத்தாள்களிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொல்லும்போது கணினியியல் துறை நண்பர்கள் சிலர் சினம் கொள்ளக்கூடும். நான் மொழியியல் படித்தவன். கணினியியல் என் முதல் துறை அன்று. ஆயினும் உருபனியல் ஆய்வுக்காக நாள்தோறும் நிரல் எழுதுகிறவன் என்ற அளவில் இதைப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் ‘பாரடைம்’ எனப்படும் சொல் மொழியியலாருக்கு மிகப் பழையது. கிரேக்க மூலத்தில் அது ‘எடுத்துக்காட்டு’, ‘முன்மாதிரி’ என்னும் பொருள் தருவது. இலக்கணத்தில் ஒரு பெயர்ச்சொல் எல்லா வேற்றுமைகளிலும் கொள்ளும் வடிவங்களை அடுக்கிக் காட்டும் அட்டவணைக்கு அதுவே பெயர். நம் மரபில் ‘வாய்பாடு’ என்பது இதற்கு மிக அருகில் வருகிறது. தாமஸ் கூன் 1962இல் வெளியிட்ட அறிவியல் புரட்சிகள் பற்றிய நூலில் இச்சொல்லை எடுத்து, ஓர் அறிவியல் சமூகம் தன் சிக்கல்களைப் பார்க்கும் முறை என்ற அகன்ற பொருளில் ஆண்டார். இராபர்ட் ஃபிளாய்டு 1978இல் டூரிங் விருதுரையாற்றியபோது, கூனைச் சுட்டியே இச்சொல்லை நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வகைப்பட்டியல் எதையும் பெரிதாக நாட்ட முனையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடினமான ஒரு சிக்கலைத் தீர்த்து முடித்தபின், அதே சிக்கலை மீண்டும் முதலிலிருந்து தீர்த்துப் பார்த்து, விடைக்குக் கொண்டுசென்ற சிந்தனைப் போக்கு எது என்று பிரித்தெடுத்துக்கொள்வது தம் வழக்கம் என்றார். ஆசிரியர்கள் மொழியின் தொடரமைப்பை மட்டும் கற்பிக்காமல் இத்தகைய போக்குகளைப் பெயரிட்டுக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நாமோ பெயர்களை வைத்துக்கொண்டு போக்குகளை விட்டுவிட்டோம்.

இது வெறும் குற்றச்சாட்டு அன்று. உதியன்குளங்கரையில் இருந்து பார்ப்பவர்க்கு இரண்டு பாடத்திட்டங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படும். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளை போனால் பாடநூல் மாறிவிடும். ஒரே குடும்பத்தில் அக்காள் மகன் ஒரு நூலையும் தம்பி மகள் வேறு நூலையும் படிப்பது எங்கள் பக்கத்தில் புதுமை இல்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது இரு தரப்புப் பிள்ளைகளும் ஐயம் கேட்க வருவார்கள். அப்படித்தான் இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்க நேர்ந்தது.

கேரள மேல்நிலைக் கணினி அறிவியல் நூல் சி++ மொழியை ஒட்டிச் செல்கிறது. நோக்குமுறை என்ற பேச்சு அங்கே செயல்முறை சார்ந்தது, பொருள் சார்ந்தது என்னும் இரண்டுக்கு இடையிலான ஒப்பீடாக வருகிறது. இரண்டாவது, முதலாவதின் குறைகளைக் களைய வந்தது என்னும் தொனி அதில் உண்டு. 2018-19இல் வந்த தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு நூலும் சி++ பகுதியில் செயல்முறை, கூறுநிலை, பொருள்நோக்கு என்று மூன்றை வரிசைப்படுத்துகிறது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் இயலைத் திறந்து பாருங்கள். சார்பு என்றால் என்ன, தூய சார்பு எது, தூய்மையற்ற சார்பு எது, பக்கவிளைவு என்பது யாது என்று அது தொடங்குகிறது. எடுத்துக்காட்டுகள் பைத்தானில் இல்லை. ‘லெட்’ என்று தொடங்கும், எம்எல் குடும்ப மொழிகளை நினைவூட்டும் ஒரு குறியீட்டில் இருக்கின்றன. இது அசலான சார்புவழி நிரலாக்கம். இந்திய மாநிலப் பாடநூல் ஒன்றில் இப்படி ஒரு தொடக்கத்தைக் கண்டதும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் முந்தைய ஆண்டின் மூவகைப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்; பட்டியலில் இல்லாத நோக்குமுறையைப் பெயர் தெரியாமலே பயில்கிறார். அதே நூலின் பிற்பகுதியில் எஸ்கியூஎல் வருகிறது. எப்படித் தேட வேண்டும் என்று சொல்லாமல் எது வேண்டும் என்று மட்டும் அறிவிக்கும் மொழி அது. அதுவும் ஒரு நோக்குமுறை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஊர்க் கடைகளில் கணக்கெழுதும் அண்ணன்மார் விரிதாளில் ஒரு கட்டத்தின் மதிப்பை மற்றக் கட்டங்களின் சார்பாக எழுதுகிறார்களே, அதற்கும் பெயர் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். பெயர் முக்கியம் என்பது என் வாதம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியலிடும்போது, பின்னது முன்னதைவிட உயர்ந்தது என்ற படிநிலைக் கதை மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அது வரலாற்றுக்கே முரணானது. லிஸ்ப் 1958இல் ஜான் மெக்கார்த்தியால் வடிவமைக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான அலான்சோ சர்ச்சின் லாம்டா நுண்கணிதம் 1930களைச் சேர்ந்தது, அதாவது மின்னணுக் கணினிகளுக்கே முந்தியது. பொருள்நோக்கின் மூலமான சிமுலா 67, ஆசுலோவில் டாலும் நீகார்டும் நிகழ்வுகளைப் போலச்செய்து பார்ப்பதற்காக ஆக்கிய மொழியிலிருந்து வளர்ந்தது. புரோலாக் 1972இல் மார்செய்யில் அலன் கோல்மராவரும் பிலிப் உரூசெலும் உருவாக்கியது. அவர்களுடைய நோக்கம் பிரெஞ்சு மொழியில் எழுதிய வாக்கியங்களைக் கணினிக்குப் புரியவைப்பது. மொழியியல் மாணவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஃபோர்ட்ரானை ஆக்கி ஏவல்வழி நிரலாக்கத்தை உலகெங்கும் நிலைநாட்டிய ஜான் பேக்கசே, 1977ஆம் ஆண்டின் விருதுரையில் அந்த நடையிலிருந்து நிரலாக்கத்தை விடுவிக்க முடியுமா என்று கேட்டார். இவை ஒரே ஏணியின் படிகள் அல்ல. வெவ்வேறு சிக்கல்களைக் கையிலெடுத்தவர்கள் வெவ்வேறு இடத்தில் வெட்டிய கிணறுகள்.

இனி ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பெயர்ச்சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ சேர வேண்டும். மரம் மரத்தை ஆகும். வீடு வீட்டை ஆகும். மணி மணியை, பூ பூவை, காசு காசை, பசு பசுவை. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தறிவோடு வந்துவிடும் செய்தி. நிரலாக்கினால் மட்டும் முள்ளாய்க் குத்தும்.

ஏவல்வழியில் எழுதுகிறவர் படிகளாக எழுதுவார். ஈற்றைப் பார், மகர மெய்யானால் நீக்கு, ‘த்து’ சேர், உகரத்தைக் கெடு, ‘ஐ’ சேர். ஈறு இ, ஈ, ஐ ஆனால் யகர உடம்படுமெய்யைச் சேர். பிற உயிரானால் வகரத்தைச் சேர். இங்கேதான் பொறி இருக்கிறது. உடம்படுமெய் விதியை முதலில் வைத்துவிட்டால் ‘வீடுவை’ என்று வரும். குற்றியலுகரத்தை முன்னதாகச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்தாலும், ‘பசு’வில் உள்ளது முற்றியலுகரம் என்று கண்டறிய முதலெழுத்தின் மாத்திரைவரை பின்னோக்கிப் போக வேண்டும். ஏவல்வழி நிரலில் வரிசையே உயிர். ஒரு விதியை இடம் மாற்றினால் இன்னொரு மூலையில் ஏதோ ஒரு சொல் உடைகிறது. ஆனால் எந்தச் சொல் எந்தப் படியில் எப்படி மாறியது என்று விரல்வைத்துக் காட்ட இதைப்போல வசதியானது வேறு இல்லை.

சார்புவழியில் பார்ப்பவர் வேறொன்றைக் கவனிப்பார். மரத்தை, மரத்துக்கு, மரத்தில். வீட்டை, வீட்டுக்கு, வீட்டில். உருபு எதுவானாலும் அதற்கு முன் ஒரு பொது வடிவம் நிற்கிறது: மரத்து, வீட்டு. மொழியியலார் இதைத் திரிந்த அடி என்பர். ஆகவே பெயரைக் கொடுத்தால் அடியைத் தரும் ஒரு சார்பு. அடியையும் உருபையும் கொடுத்தால் புணர்த்தித் தரும் இன்னொரு சார்பு. இரண்டையும் கோத்தால் வேலை முடிந்தது. உருபை மட்டும் முன்கூட்டிக் கொடுத்து வைத்தால், ‘இரண்டாம் வேற்றுமையாக்கி’ என்னும் புதிய சார்பே விடையாகக் கிடைக்கும். எந்தச் சொல்லும் அழிவதில்லை, மாற்றப்படுவதும் இல்லை. மரம் மரமாகவே இருக்க, மரத்தை என்பது அதனோடு தொடர்புடைய வேறொரு மதிப்பு. திரிந்த அடி என்னும் கருத்தை ஒரு மாணவருக்கு விளக்க இதைவிடத் தெளிவான கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

பொருள்நோக்கில், பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் தன் வகையை அறிந்த ஒரு பொருள். “உருபேற்றுக்கொள்” என்றால் போதும். எப்படி என்பது அதன் உள்விவகாரம். நெடில்தொடர்க் குற்றியலுகரம் என்பது குற்றியலுகர வகையின் உட்பிரிவு; டு, று ஈறுகள் இரட்டிப்பதை மட்டும் தனக்கெனக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். ‘அது’ போன்ற அடங்காப் பிள்ளைகளுக்கு இந்த நோக்கு மிகவும் பொருந்தும். அதில் உள்ளது முற்றியலுகரமே. விதிப்படி ‘அதுவை’ என வந்திருக்க வேண்டும். ஆனால் நாம் ‘அதை’ என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குத் தனி நடத்தை கொடுத்துவிட்டால் மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. ‘பஸ்’ போன்ற புதிய கடன்சொற்கள் வந்து நின்றாலும் அவற்றுக்குப் புதிய வகையைத் திறந்தால் போதும். ஆனால் புதிதாக ஓர் உருபைச் சேர்க்க நேர்ந்தால், வகைதோறும் போய்த் திருத்த வேண்டிவரும். சார்புவழியில் இது தலைகீழ்: புதிய செயலைச் சேர்ப்பது எளிது, புதிய வகைச் சொல்லைச் சேர்த்தால் ஒவ்வொரு சார்பையும் திறக்க வேண்டும். பிலிப் வாட்லர் 1998இல் இதற்கு ‘வெளிப்பாட்டுச் சிக்கல்’ என்ற பொருளில் ஒரு பெயரைச் சூட்டினார். எது சிறந்தது என்ற பட்டிமன்றத்தை முடித்துவைக்க இந்த ஒரு செய்தி போதும். உங்கள் தரவில் எது அடிக்கடி வளரும், சொல்வகைகளா செயல்களா? அதைப் பொறுத்தே விடை.

தருக்கவழி என்னை மிகவும் ஈர்ப்பது. அதில் நாம் செயலை எழுதுவதில்லை. ஓர் உறவை எழுதுகிறோம். இன்ன பெயரும் இன்ன உருபும் சேர்ந்த வடிவம் இது என்று அறிவிக்கிறோம். பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் வினவலாம். ‘வீடு’ கொடுத்து ‘வீட்டை’ பெறலாம். ‘வீட்டை’ கொடுத்து ‘வீடு’ம் ‘ஐ’யும் பெறலாம். இப்போது ‘பாட்டை’ என்று கொடுத்துப் பாருங்கள். பாட்டு என்னும் பெயரோடு ஐ சேர்ந்தது என்று ஒரு விடை. பாடு என்னும் பெயரோடு ஐ சேர்ந்தது என்று மற்றொரு விடை. ‘அவரவர் பாட்டை அவரவர் பார்க்க வேண்டியதுதான்’ என்று சலித்துக்கொள்கிறோம் அல்லவா, அந்தப் பாடு. உருபே ஏற்காத பெயர்களையும் அகராதியில் சேர்த்திருந்தால், வழி என்னும் பொருளுடைய ‘பாட்டை’ மூன்றாம் விடையாக நிற்கும். ஒரு வினா, மூன்று விடைகள், மூன்றும் சரி. ஏவல்வழியில் எழுதிய நிரலைத் திருப்பி ஓட்ட முடியாது. சார்பு என்பதோ வரையறைப்படியே ஓர் உள்ளீட்டுக்கு ஒரு விளைவைத் தருவது. மூன்று விடை வேண்டுமானால் விடைகளின் பட்டியலையே விளைவாக வைக்க வேண்டும். முன்னோக்கிப் போகும்போது ஒரே விடை, பின்னோக்கி வரும்போது பல விடை என்பது தமிழ்ப் புணர்ச்சியின் இயல்பு. அந்த இயல்பை நேராகச் சொல்ல இடம் தருவது உறவு என்னும் கருத்தே.

தமிழுக்கான உருபனியல் பகுப்பாய்விகளுள் ஒன்றான ‘தமிழிமார்ஃப்’, சர்வேசுவரன் குழுவினர் ஆக்கியது, ‘ஃபோமா’ என்னும் முடிவுறு நிலைக் கருவியின்மீது கட்டப்பட்டதற்கும் இதே இயல்புதான் அடிப்படை. அங்கேயும் விதிகள் இருதிசையில் ஓடும். ஒரே இலக்கணம் சொல்லாக்கத்துக்கும் சொற்பகுப்புக்கும் உதவும். உருபனியலில் ஆய்வு செய்ய வருகிறவர் ஏவல்வழியை மட்டும் அறிந்திருந்தால், ஆக்கத்துக்கு ஒன்று, பகுப்புக்கு ஒன்று என்று இரண்டு நிரல் எழுதி, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் காப்பதிலேயே ஆண்டுகளைக் கழிப்பார். இது மிகை இல்லை. முனைவர்ப்பட்ட மாணவர்களின் உழைப்பு இப்படி வீணாவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

புரோலாக்கைத் துதிபாடுகிறேன் என்று எண்ண வேண்டாம். நடைமுறையில் அதிலும் விதிகளின் வரிசை உள்ளே நுழைந்து தொல்லை தரும். தவறான இடத்தில் தன்மீட்சி விதியை வைத்தால் முடிவே இல்லாமல் சுழலும். தமிழில் எழுதுவோர்க்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய எழுத்தில் தொடங்குவது மாறி, சிறிய எழுத்தில் தொடங்குவது மாறாப் பெயர் என்பது அதன் மரபு. நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பாகுபாடு இல்லாததால், தமிழ்ப் பெயரிட்ட மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு இட்டே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ‘எழில்’ பற்றிச் சொல்லாமல் போவது முறையன்று. முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுக்கட்டுரை வழியாக அறிமுகம் செய்து, 2013இல் திறமூலமாக வெளியிட்ட தமிழ் நிரல்மொழி அது. அதில் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ பின்னால் வரும். வினைமுடிபு இறுதியில் நிற்கும் தமிழ்த் தொடரமைப்பை மதித்து எடுத்த முடிவு அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அது நிகழ்ந்திராது. அம்முயற்சியின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் எழில் ஒரு செயல்முறை மொழி. ‘நிரல்பாகம்’ என்றும் ‘பின்கொடு’ என்றும் எழுதினாலும், நிலையை மாற்றிக்கொண்டே படிப்படியாகச் செல்லும் சிந்தனை அதேதான். தாய்மொழியில் நிரலாக்கம் என்று நாம் கேட்கும் குரல் பெரும்பாலும் குறிச்சொற்களின் மொழியோடு நின்றுவிடுகிறது. மாணவருக்குக் கடினமானது ‘இஃப்’ என்ற ஒலியன்றே. ‘அ = அ + 1’ என்பதை ஏன் சமன்பாடாகப் படிக்கக்கூடாது என்பதே கடினம். அதைத் தமிழில் விளக்கும் உரைநடை நம்மிடம் மிகக் குறைவு.

இதற்கு நேரெதிரான இன்னொரு குரலும் உண்டு: எல்லாம் தொல்காப்பியத்தில் இருக்கிறது, பாணினியில் இருக்கிறது என்பது. 1967இல் இங்கர்மன் என்பவர், மொழி இலக்கணக் குறியீட்டுக்குப் பேக்கசோடு பாணினியின் பெயரையும் சேர்க்கலாம் என்று ஒரு கணினியியல் இதழுக்குக் கடிதம் எழுதியது உண்மை. அது அவருடைய நேர்மை. அதை வைத்துக்கொண்டு நன்னூலாரை நிரலாளர் ஆக்குவது நமக்கு அழகில்லை. உடம்படுமெய்ச் சூத்திரம் நிபந்தனையையும் விளைவையும் கூறுகிறது. எந்த விதி முன், எந்த விதி பின் என்பதைப் பெரிதும் படிப்பவரின் மொழியறிவுக்கு விட்டுவிடுகிறது. கணினிக்கு மொழியறிவு இல்லாததால்தான் நமக்கு இத்தனை பாடு. (‘பாட்டை’யின் இரண்டாம் விடை இங்கே உதவிக்கு வருகிறது.)

எதிர்வாதங்களுள் வலிமையானது ஒன்று உண்டு. 2008இல் சிரீராம் கிருட்டிணமூர்த்தி, நிரல்மொழிகளை லின்னேயசு உயிரினங்களைப் பிரித்ததுபோல நோக்குமுறைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையே காலாவதியானது என்று எழுதினார். மொழி என்பது பல கூறுகளின் தொகுப்பு. கூறுகளைக் கற்பித்தால் போதும் என்பது அவர் நிலைப்பாடு. சி++ 2011இலும் ஜாவா 2014இலும் லாம்டா வெளிப்பாடுகளைச் சேர்த்துக்கொண்டன. பைத்தானில் மூன்று நடையிலும் எழுதலாம். எனவே மொழிகளைப் பிரிக்க இப்பெயர்கள் உதவா என்பதில் நான் அவரோடு உடன்படுகிறேன். ஆனால் மொழிகளைப் பிரிக்க உதவாத பெயர், பார்வைகளைப் பிரிக்க உதவும். எங்கள் ஊரில் ஒருவரே காலையில் தமிழும் மாலையில் மலையாளமும் பேசுவார்; ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பார். கலக்கிறார் என்பதால் இரண்டு இலக்கணங்கள் இல்லை என்று எந்த மொழியியலாரும் சொல்லமாட்டார். ‘மரத்தை வெட்டினேன்’ என்பதற்கும் ‘மரம் வெட்டினேன்’ என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாட்டையும், அஃறிணைச் செயப்படுபொருளை உருபின்றி விடும் மலையாள வழக்கையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே செய்தியை இரண்டு இலக்கணம் இரண்டு இடத்தில் அழுத்திச் சொல்லும் என்பது சொல்லாமலே தெரியும். எல்லைப்புறப் பிள்ளைகளிடம் இருக்கும் இந்த அறிவைக் கணினி வகுப்பு ஏன் பயன்படுத்தக்கூடாது?

இயந்திரமே நிரல் எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சென்ற மாதம் ஒரு மாணவி கேட்டார். அது எழுதித் தரும் நிரலைப் படித்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நாம். ‘ஐ’ சேர்க்கும் நிரலைக் கேட்டால் வரிசைப்படி அமைந்த நீண்ட ‘இஃப்’ அடுக்கு ஒன்று எளிதில் கிடைத்துவிடும். அதைத் திருப்பி ஓட்ட முடியாது என்று அறிந்தவரே வேறு விதமாகக் கேட்பார்.

எனவே வகைகளைக் கேட்கும் வினாவை எடுத்துவிட்டு, ஒரு சிக்கலைக் கொடுத்து இரு நோக்கில் தீர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாற்றத்தைச் சொல்லி, எந்தத் தீர்வு அதிகம் உடைகிறது என்று கேளுங்கள். நான்கு மொழிகளும் தேவையில்லை, தனி ஆய்வகமும் தேவையில்லை. மூன்று நோக்குகளுக்குப் பைத்தான் போதும். நான்காவதற்குக் கரும்பலகையிலேயே விதிகளை எழுதி, மாணவர்களைப் பின்னோக்கித் தேடச் சொல்லலாம். ‘ஆற்றை’, ‘கூட்டை’, ‘நாட்டை’ ஆகிய மூன்றையும் கொடுத்துத் தொடங்குங்கள். அவற்றுள் எதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரும் என்பதைப் பின்னூட்டத்தில் உங்கள் மாணவர்களே எழுதட்டும்.